குளிர்காலத்தில் லு புய் பாதை: முதன்முறை நடப்பவர்களுக்கு

பிரான்சிலிருந்து ஸ்பெயினிலுள்ள புனித சந்தியாகப்பரின் கல்லறைக்குப் போகும் பழைய யாத்திரைப் பாதைகள் நான்கு. அவற்றில் அதிகம் பேர் நடப்பது லு புய் பாதை. நடு பிரான்சின் எரிமலை மேட்டிலுள்ள லு புய்-ஆன்-வெலே ஊரில் பேராலயப் படிக்கட்டில் தொடங்கி, பிரெனே மலையடிவாரத்திலுள்ள சேன்-ழான்-பியே-த-போர் வரை சுமார் 740 கிலோமீட்டர். நெடுக ஜிஆர் 65 என்ற நெடுநடைத் தட எண்ணும், வெள்ளைக்கோட்டின் கீழ் சிவப்புக்கோடு போட்ட அடையாளமும் கூடவே வரும்.

லு புய் ஆயர் கொதெஸ்கால்க் 950ஆம் ஆண்டு ஸ்பெயினுக்கு யாத்திரை போனார். திரும்பும் வழியில் 951 ஜனவரியில் அல்பெல்தா மடத்தில் தமக்காகப் பிரதியெடுத்து வைத்திருந்த ஒரு சுவடியை வாங்கிக்கொண்டதாகப் பதிவு இருக்கிறது. குளிர்காலத்தில் போகிறேன் என்றதும் வீட்டில் யாராவது தலையில் அடித்துக்கொண்டால் இந்த ஆயரைக் காட்டலாம். அவர் பெரும் பரிவாரத்தோடு போனார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுங்கள்.

வருபவர்கள் பெரும்பாலும் பனியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். பனியைச் சமாளித்துவிடலாம், ஒரு நாள் காத்திருந்தால் சாலையைச் சுத்தம் செய்துவிடுவார்கள். இந்தப் பாதையில் குளிர்கால நடையைப் பாதியில் முடித்துவைப்பது பூட்டிய கதவு. மாலை ஐந்து மணி, இருட்டிவிட்டது, மழை தூறுகிறது, நீங்கள் நம்பி வந்த விடுதியில் 'ஏப்ரலில் திறப்போம்' என்று ஒரு அட்டை தொங்குகிறது. அடுத்த ஊர் பதினொரு கிலோமீட்டர் தள்ளி. இப்படி நிற்காமல் இருக்க என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

எந்த ஊரிலிருந்து, எந்த மாதத்தில்

முதன்முறை போகிறவர் ஜனவரியில் லு புய்யிலிருந்து கிளம்ப வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பாதையின் மிகக் கடினமான பகுதி அதன் முதல் ஒரு வாரத்திலேயே வந்துவிடுகிறது. மர்ழெரீத், ஓப்ராக் என்ற இரண்டு மேட்டு நிலங்களைக் கடக்க வேண்டும். இரண்டிலும் பாதை 1,300 மீட்டர் உயரத்தை ஒட்டிப் போகும். கால் பழகுவதற்கு முன், மூட்டையின் எடை பழகுவதற்கு முன், குளிர் உங்களைச் சோதித்துப் பார்த்துவிடும்.

அதனால் ஃபிழாக்கிலோ காஓரிலோ தொடங்குங்கள். இரண்டு ஊருக்கும் ரயில் இருக்கிறது. காஓர், பாரிஸ்–துலூஸ் ரயில் பாதையிலேயே இருப்பதால் இறங்கிய ஒரு மணி நேரத்தில் நடக்க ஆரம்பித்துவிடலாம். அங்கிருந்து சேன்-ழான் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். நாளுக்கு இருபது கிலோமீட்டர் என்று வைத்தால் மூன்று வாரம். உயரம் குறைவு, பனி அபூர்வம், ஊர்கள் கொஞ்சம் நெருக்கம். மேட்டுப் பகுதியை இன்னொரு முறை மே மாதத்தில் வந்து முடித்துக்கொள்ளலாம். அப்போது ஓப்ராக் முழுக்கக் காட்டுப்பூ பூத்திருக்கும்.

இல்லை, ஆரம்பத்திலிருந்து நடந்தால்தான் மனம் ஆறும் என்பவர்கள் பிப்ரவரிக் கடைசியில் கிளம்பலாம். டிசம்பர் கடைசியில் பகல் எட்டே முக்கால் மணி நேரம்தான். பிப்ரவரிக் கடைசியில் அதுவே பதினொரு மணி நேரத்தைத் தொட்டுவிடும். அந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு பெரியது என்பது நடக்கும்போதுதான் தெரியும். மார்ச்சில் மேட்டில் பனி விழாது என்று மட்டும் யாரும் உத்தரவாதம் தர முடியாது.

நான்கு பாதைகளில் இன்னொன்றான ஆர்ல் பாதை தெற்கே இருக்கிறதே, வெயில் அடிக்குமே என்று சிலர் அங்கே போகிறார்கள். அந்தப் பாதையின் முடிவில் 1,632 மீட்டர் உயரத்தில் சொம்போர் கணவாய் காத்திருக்கிறது. குளிர்காலத்தில் புதியவர்களுக்கான இடம் அது இல்லை.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அதோடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் வேண்டும். காப்பீடு வாங்கும்போது மலைப்பகுதி நடைபயணத்துக்கும் மீட்புச் செலவுக்கும் அது பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விசா விண்ணப்பத்தில் தங்குமிடச் சான்றும் கேட்பார்கள். இந்தப் பாதையில் அதுவே ஒரு தனி வேலை. கீழே சொல்லும் தொலைபேசி வேலையை ஊரிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

இரவுப் படுக்கை

யாத்திரிகர்கள் தங்கும் பொதுவிடுதிக்கு இங்கே ழீத் என்று பெயர். அடுக்குக் கட்டில், பொதுச் சமையலறை, ஒருவருக்கு 15 முதல் 25 யூரோ வரை. இரவுச் சாப்பாடும் காலை உணவும் சேர்த்துக் கொடுத்தால் அதற்கு தெமி-பான்சியோன் என்பார்கள். பெரும்பாலும் 40 முதல் 55 யூரோவுக்குள் முடியும். இவற்றில் பெரும்பகுதி ஏப்ரலில் திறந்து அக்டோபரில் மூடுபவை. காரணம் எளிது. இரண்டு பேருக்காக இருபது பேர் தங்கும் கட்டடத்தைச் சூடாக்கினால் விறகுச் செலவுக்கே கட்டாது. அதோடு, ஆளில்லாத வீட்டில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும் என்பதால் குழாயிலிருக்கும் தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டுத்தான் பூட்டுவார்கள். நீங்கள் போய்க் கதவைத் தட்டினாலும் உடனே திறந்துகொடுக்க முடியாத நிலையில் வீடு இருக்கும்.

ஆனால் முன்கூட்டிச் சொன்னால் பலரும் திறப்பார்கள். இணையத்தில் 'மூடியிருக்கிறது' என்று போட்டிருக்கும் விடுதிக்காரரே தொலைபேசியில் 'நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள்?' என்று கேட்பார். ஆகவே முன்பதிவுத் தளங்களை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். அழையுங்கள். மின்னஞ்சலுக்குப் பதில் வர மூன்று நாள் ஆகும்; அழைப்புக்கு அப்போதே பதில் கிடைக்கும். பிரெஞ்சு எண் கொண்ட ஒரு சிம் அட்டை வாங்கிக்கொள்வது நல்லது. வெளிநாட்டு எண்ணைப் பார்த்தால் கிராமத்தில் பலரும் எடுக்க மாட்டார்கள்.

பிரெஞ்சு தெரியாதவர்கள் இந்த நான்கு வரியை மனப்பாடம் செய்துகொண்டால் போதும்: "பொன்ழூர் மதாம், ழ சுயி பெலெரன். வூ ஸெத் ஊவேர் தமேன் சுவார்? ழ சுயி ஸோல். ழ பார்ல் த்ரே ப்யூ ஃப்ரான்சே." வணக்கம் அம்மா, நான் யாத்திரிகர், நாளை இரவு திறந்திருப்பீர்களா, நான் ஒருவர்தான், எனக்குப் பிரெஞ்சு ரொம்பக் கொஞ்சம்தான் வரும் என்று பொருள். ஆண் எடுத்தால் மதாமுக்குப் பதில் மிஸ்யூ; நீங்கள் பெண்ணானால் பெலெரன் இடத்தில் பெலெரீன். வணக்கம் சொல்லாமல் நேரே விஷயத்துக்குப் போனால் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சுருக்கென்று இருக்கும். கடையிலும் அப்படியே, உள்ளே நுழைந்ததும் பொன்ழூர் சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம்.

எத்தனை நாளைக்கு முன்பு அழைப்பது? மூன்று இரவுகளை எப்போதும் கையில் வைத்திருங்கள் என்பேன். இன்றைய இரவு உறுதி, நாளை உறுதி, நாளை மறுநாள் பேசியாகிவிட்டது. பத்து நாளுக்கும் சேர்த்துப் பதிவு செய்துவிட்டால், மூன்றாம் நாள் கணுக்கால் வலி வந்ததும் எல்லாம் சரிந்துவிடும். அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பது கோடைக்காரர்களின் பழக்கம். வர முடியாமல் போனால் தகவல் சொல்லுங்கள். உங்கள் ஒருவருக்காக அடுப்பு மூட்டி, சூப் வைத்துக் காத்திருப்பார்கள்.

விடுதி எதுவும் அகப்படாத ஊரில் அடுத்து கேட்க வேண்டிய இடம் மேரி. ஊராட்சி அலுவலகத்துக்கு அதுதான் பெயர். ஊராட்சியே நடத்தும் ழீத்தின் சாவியோ கதவு எண்ணோ அவர்களிடம் இருக்கும். சிற்றூர் மேரிகள் வாரத்தில் சில அரைநாட்கள் மட்டும் திறப்பவை என்பதால் மாலையில் போய் நிற்பதில் பலனில்லை. முந்தைய நாளே காலையில் அழைக்க வேண்டும். அடுத்தது பங்கு ஆலயம், மடங்கள். கொங்க் ஊரில் சேன்ட் ஃபுவா மடத்தின் வெண்ணுடைத் துறவிகள் யாத்திரிகர்களைத் தங்க வைப்பதைத் தங்கள் பணியாகவே கொண்டவர்கள். வழியில் வேறு சில மடங்களும் உண்டு. கடைசி வழி, வீட்டோடு சேர்ந்த விருந்தினர் அறைகள். ஷாம்ப்ர் தோத் என்பார்கள். விலை அதிகம், ஆனால் வெந்நீரும் சூடான அறையும் நிச்சயம். நான்கு நாளுக்கு ஒருமுறை இப்படி ஒன்றில் தங்கி, துணியைத் துவைத்துக் காயவைத்துக்கொள்வது வீண் செலவு இல்லை.

யாத்திரிகர் அட்டையை முதல் ஊரிலேயே வாங்கிவிடுங்கள். கிரெதென்சியால் என்று கேட்டால் லு புய் பேராலயத்தில் கொடுப்பார்கள்; வேறு ஊரில் தொடங்குபவர்கள் யாத்திரிகர் சங்கங்களிடம் முன்பே வரவழைக்கலாம். தங்கும் இடமெல்லாம் அதில் முத்திரை குத்துவார்கள். குளிர்காலத்தில் அழுக்கு மழைக்கோட்டோடு ஒரு வெளிநாட்டுக்காரர் கதவைத் தட்டும்போது, அவர் யார் என்று சொல்லும் காகிதம் அதுதான்.

வெளிச்சக் கணக்கு

கோடையில் ஆறு மணிக்குக் கிளம்பி மதியத்துக்குள் முடிப்பார்கள். டிசம்பர், ஜனவரியில் எட்டே கால், எட்டரைக்குத்தான் சூரியன் எழும். மேகம் போட்டிருந்தால் ஒன்பது மணி வரை மங்கல்தான். மாலை ஐந்தைக் கடந்ததும் இருட்டு. இடையில் நடக்கக் கிடைப்பது எட்டு மணி நேரம். பாதி சேற்றில், பாதி ஏற்றத்தில், மூட்டையோடு போனால் மணிக்கு மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் கணக்கு வைக்காதீர்கள். சாப்பிடும் நேரத்தைக் கழித்தால் இருபத்திரண்டு, மிஞ்சினால் இருபத்தைந்து கிலோமீட்டர். அதற்கு மேல் எந்த நாளையும் திட்டமிட வேண்டாம்.

நான் வைத்துக்கொள்ளச் சொல்லும் விதி: மதியம் இரண்டு மணிக்குப் பாதிக்கு மேல் வந்திருக்காவிட்டால் ஜிஆர் தடத்தை விட்டு இறங்கித் தார்ச்சாலையைப் பிடியுங்கள். பல இடங்களில் சாலை நேராகவும் குறைந்த தூரமாகவும் போகும். சுத்தமான யாத்திரை கெட்டுப்போகும் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இடைக்கால யாத்திரிகர்கள் அந்தந்தக் காலத்து நல்ல சாலையில்தான் போனார்கள். இன்றைய ஜிஆர் 65 தடம் இருபதாம் நூற்றாண்டில் நடைச் சங்கத்தார் குறித்துக் கொடுத்தது.

மூட்டைக்குள்

மொத்த எடை எட்டு ஒன்பது கிலோவைத் தாண்டக்கூடாது. கோடையில் மூட்டையை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டிச் சேவைகள் குளிர்காலத்தில் பெரும்பாலும் ஓடாது. ஆகவே எல்லாம் உங்கள் தோளில்.

ஒரு தடித்த கோட்டை விட மூன்று மெல்லிய அடுக்கு மேல். உடம்போடு ஒட்டி மெரினோ கம்பளி, அதன் மேல் ஃபிளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத உறை. ஏற்றத்தில் வியர்க்கும் முன்பே ஓர் அடுக்கைக் கழற்றிவிட வேண்டும். நனைந்த உள்ளாடையோடு மேட்டில் காற்றுக்கு நின்றால் பத்து நிமிடத்தில் பல் கிட்டிக்கும். பருத்தி ஜீன்ஸ், பருத்தி பனியன் எதுவும் வேண்டாம். நனைந்தால் காயவே காயாது. இரண்டு ஜோடிக் கையுறை, காது மூடும் குல்லா, கணுக்காலுக்கு மேல் வரும் தண்ணீர் புகாத பூட்ஸ், முழங்கால் வரை மூடும் கெய்ட்டர். கெய்ட்டரைப் பனிக்காக என்று நினைத்து வாங்குவீர்கள். பாதையின் பின்பாதியில் வரும் தென்மேற்கு பிரான்சின் கஸ்கோன் நாட்டுச் சேற்றில்தான் அதன் அருமை தெரியும்.

தலைவிளக்கு கட்டாயம், அதற்கு மாற்று பேட்டரியும். கைபேசி குளிரில் சட்டென்று உயிரை விடும். நாற்பது சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது அப்படியே அணைந்துபோகும். அதை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். பிரெஞ்சு அரசின் நிலவரைபட நிறுவனமான ஐஜிஎன்னின் வரைபடத்தை இணையம் இல்லாமலும் பார்க்கும்படி முன்பே இறக்கி வையுங்கள். லு புய்யிலிருந்து தொடங்குபவர்கள் பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்புமுள் வலை ஒன்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். உறைந்த இறக்கங்களில் கைத்தடி மட்டும் போதாது. காஓரிலிருந்து தொடங்குபவர்களுக்கு அது தேவைப்படாது. தூக்கப்பை பூஜ்யம் டிகிரியை ஒட்டித் தாங்குவதாக இருக்கட்டும், ஏனென்றால் 'சூடாக்கிய அறை' என்பதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அர்த்தம்.

பளபளக்கும் ஆரஞ்சு நிறச் சட்டையும் ஒன்று வேண்டும். செப்டம்பரிலிருந்து பிப்ரவரிக் கடைசி வரை வேட்டைக் காலம். காட்டுப்பன்றிக்காக நாய்களோடு கூட்டமாக நடக்கும் வேட்டை வார இறுதிகளில் அதிகம். 'ஷாஸ் ஆன் கூர்' என்ற பலகை வைத்திருந்தால் அந்தக் காட்டுத்தடத்துக்குள் போகாதீர்கள். வேட்டைக்காரர்கள் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு நிற்பார்கள். கேட்டால் எந்தப் பக்கம் போகலாம் என்று சொல்வார்கள். சில சமயம் பிளாஸ்கிலிருந்து காபியும் கிடைக்கும்.

சாப்பாடும் தண்ணீரும்

மூட்டையில் எப்போதும் ஒரு முழு நாளுக்கான உணவு இருக்க வேண்டும். சிற்றூர்க் கடைகள் பன்னிரண்டு மணிக்கு மூடி இரண்டு மணிக்கோ அதற்கும் பிறகோ திறக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் ஊர் அடங்கிவிடும், திங்களன்று ரொட்டிக்கடைக்காரர் ஓய்வெடுப்பார். இதற்கு நடுவே நவம்பர் 11, டிசம்பர் 25, ஜனவரி 1 விடுமுறைகள். டிசம்பர் 24 மாலை எங்கே இருக்கப் போகிறீர்கள் என்பதை இரண்டு வாரத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். ஃபிழாக், காஓர், முவாசாக் போல ஓரளவு பெரிய ஊராக இருப்பது நல்லது.

சைவம் சாப்பிடுபவர்கள் தொலைபேசியில் பேசும்போதே சொல்லிவிட வேண்டும்: "ழ ந மான்ழ நி வியாந்த், நி புவாசோன், நி ஷாம்போன்." இறைச்சி, மீன், பன்றித்தொடை மூன்றையும் தனித்தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால், பொடியாக நறுக்கிய பன்றிக் கொழுப்பு தூவிய முட்டை வரும்; போட்டவருக்கு அது இறைச்சிக் கணக்கிலேயே வராது. லு புய்யின் பச்சைப் பயறு போன்ற லாந்தீல் பெயர்பெற்றது, ஆனால் அதையும் வழக்கமாகப் பன்றி இறைச்சியோடுதான் வேகவைப்பார்கள். ஓப்ராக்கின் அலிகோ சைவர்களைக் காப்பாற்றும். மசித்த உருளைக்கிழங்கில் புதுப் பாலாடைக்கட்டியைப் போட்டு, கரண்டியைத் தூக்கினால் கயிறு மாதிரி நீளும் வரை கிண்டிக் கொடுப்பார்கள். பூண்டு வாசம் தூக்கும். குளிரில் நடந்து வந்தவருக்கு அதற்கு மேல் ஒன்று வேண்டாம். கஸ்கோன் பக்கம் வந்ததும் முட்டைக்கோஸும் பீன்ஸும் போட்ட கார்பூர் சூப். அதில் வாத்து இருக்கும். காரம் இல்லாமல் தொண்டைக்குள் இறங்காதவர்கள் ஊறுகாயைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், மிளகாய்ப்பொடி ஒரு சின்ன டப்பாவில் போதும்.

தண்ணீர் எடுக்கும் பழக்கமும் மாறும். கோடையில் யாத்திரிகர்கள் கல்லறைத் தோட்டத்துக் குழாயில் பிடித்துக்கொள்வார்கள். உறைந்துவிடும் என்று குளிர்காலத்தில் அவற்றை அடைத்து வைப்பதுண்டு. கிளம்பும்போதே இரண்டு லிட்டர் நிரப்பிக்கொள்ளுங்கள். அதில் ஒரு பகுதி பிளாஸ்கில் கொதிக்கும் தேநீராக இருக்கட்டும். மூடிய கடைவாசலில் உட்கார்ந்து சாப்பிடும் நாட்களில் அந்தத் தேநீர்தான் மதியச் சாப்பாட்டின் சூடான பங்கு.

மேட்டு நிலம்: சோக்கிலிருந்து சேன்-ஷெலி வரை

காஓரிலிருந்து கிளம்புகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். லு புய்யிலிருந்து வருகிறவர்கள் இரண்டு முறை படியுங்கள்.

முதல் இரண்டு நாளில் ஆலியே ஆற்றின் பள்ளத்தாக்கில் செங்குத்தாக இறங்கி ஏற வேண்டும். மொனிஸ்த்ரோல்-தாலியேக்கு இறங்கும் தடத்தில் பாறையும் ஈரச் சருகும். அதில் அவசரம் வேண்டாம். மொனிஸ்த்ரோலில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. இரண்டாம் நாளே 'இது எனக்கு ஆகாது' என்று தோன்றினால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அடுத்த நிலையம் ஓமோன்-ஓப்ராக். இரண்டிலும் வண்டிகள் சில மட்டுமே; ரயிலுக்குப் பதில் பேருந்து ஓடும் நாளும் உண்டு. நேரத்தை முன்பே பார்த்து வையுங்கள்.

சோக் ஊருக்குப் பிறகு மர்ழெரீத். 1764 முதல் 1767 வரை மக்களைக் கடித்துக் கொன்ற 'ழெவோதான் மிருகம்' உலவிய சீமை இது. சோக்கில் அதற்கு ஓர் அருங்காட்சியகமே வைத்திருக்கிறார்கள். இன்று பயப்பட வேண்டியது காற்றுக்கு. வெலே மேட்டில் வடக்கிலிருந்து அடிக்கும் பூர்ல் என்ற காற்று விழுந்த பனியையே மறுபடி கிளப்பி, வேலியோரங்களில் ஆள் உயரத்துக்குக் குவித்துவிடும். வானம் நீலமாக இருக்கும்போதே எதிரே இருப்பது தெரியாமல் போகும். ஓப்ராக்கில் இதன் பங்காளிக்கு எசீர் என்று பெயர்.

தினமும் மாலையில் பிரெஞ்சு வானிலை நிறுவனமான மெத்தியோ-ஃபிரான்ஸின் எச்சரிக்கை வரைபடத்தைப் பாருங்கள். பச்சையும் மஞ்சளும் நடக்கக்கூடிய நாட்கள். மஞ்சள் என்றால் காரணத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். பனிக்கோ காற்றுக்கோ ஆரஞ்சு போட்டிருந்தால் அன்று நடை கிடையாது. சிவப்பு என்றால் கதவையே திறக்க வேண்டாம். வரைபடத்தை விட ஒரு படி மேலான தகவல் விடுதிக்காரரின் வாயிலிருந்து வரும். "இன்று மேட்டுக்குப் போகாதீர்கள்" என்று அவர் சொன்னால் மறுபேச்சு வேண்டாம். இன்னோர் இரவு தங்குங்கள். இதற்காகவே மொத்தத் திட்டத்தில் மூன்று நான்கு நாளை உபரியாக வைத்திருக்க வேண்டும்.

நஸ்பினாலிலிருந்து ஓப்ராக் கிராமத்தைக் கடந்து சேன்-ஷெலி-தோப்ராக் வரையுள்ள 17 கிலோமீட்டர், 1998இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாகச் சேர்த்த பாதைத் துண்டுகளில் ஒன்று. மரமே இல்லாத மேய்ச்சல் வெளி. கோடையில் அதுதான் அழகு. குளிர்காலத்தில் அதுதான் ஆபத்து. வழிகாட்டும் வெள்ளை-சிவப்புக் கோடுகள் தாழ்ந்த கற்களிலும் வேலிக்கம்பங்களிலும் இருப்பதால் பனி மூடியதும் காணாமல் போகும். மூடுபனி சேர்ந்தால் நாலா பக்கமும் ஒரே வெள்ளை. பனி தரையை மூடியிருந்தால் மேய்ச்சல் வெளியை விட்டுவிட்டு டி987 சாலையோடு நஸ்பினாலிலிருந்து ஓப்ராக் வரை போங்கள். ஒன்பது கிலோமீட்டர் சுமார். வண்டிகள் குறைவு, இடது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும்.

ஓப்ராக்கில் நிற்கும் பழைய மருத்துவ மடம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்தது. அதை நிறுவிய அதலார் என்ற பிளாண்டர்ஸ் பிரபு இந்த வெளியில் பனிப்புயலிலும் கள்வரிடமும் சிக்கிப் பிழைத்தவர் என்பது வழிவழிக் கதை. மூடுபனியிலும் பனிப்புயலிலும் வழி தவறியவர்கள் சத்தத்தைப் பிடித்து வந்து சேரட்டும் என்று அங்கே 'தொலைந்தோர் மணி' ஒன்றை அடிப்பார்கள். இப்போது அந்த வேலையைக் கைபேசி செய்கிறது, பேட்டரி இருக்கும் வரை. அவசரத்துக்கு 112. உடம்பு நடுங்குவது நின்றுபோய், பேச்சு குழறி, 'கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம்' என்று தோன்றினால் அது ஓய்வு கேட்கும் களைப்பாக இருக்காது. உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கிறது. உடனே காற்று மறைவுக்குப் போய், உலர்ந்த துணி மாற்றி, வெப்பக் காப்புத் தாளைச் சுற்றிக்கொண்டு அழைக்க வேண்டும். கடுங்குளிரை விட, மூன்று நான்கு டிகிரியில் மழையும் காற்றும் சேர்ந்து வரும் நாளில்தான் இப்படி ஆவது அதிகம்.

ஓப்ராக்கிலிருந்து சேன்-ஷெலிக்கு 500 மீட்டர் உயரம் இறங்குவதற்குள் பனி மழையாக மாறிவிடும். லோ ஆற்றங்கரைக்கு, எஸ்பாலியோனுக்கு வந்து சேர்ந்தால் மேடு முடிந்தது.

கீழ் நாடு: சேறும் வெள்ளமும்

கொங்குக்கு இறங்கும் தடம் குறுகலான பள்ளம், ஈரப்பாறை. அங்கே நிதானம் தேவை. கோடையில் கூட்டம் நெரியும் இந்த ஊரில் குளிர்காலத்து மாலையில் தெருவில் நீங்கள் மட்டும் இருப்பீர்கள். ஆலய வாசலுக்கு மேலே செதுக்கியிருக்கும் இறுதித் தீர்ப்புச் சிற்பத்தை யார் தோளும் இடிக்காமல் அரை மணி நேரம் பார்க்கலாம். உள்ளே பியேர் சூலாழ் வடிவமைத்து 1994இல் பொருத்திய 104 சன்னல்கள். சாம்பல் வானத்தின் வெளிச்சத்துக்கே பொருந்தியவை என்று எனக்குப் படும். ஒரு நாள் ஓய்வு எடுப்பதானால் இங்கே எடுங்கள்.

ஃபிழாக்குக்குப் பிறகு செலே பள்ளத்தாக்கு வழியாக ஒரு கிளைப்பாதை போகிறது. மிக அழகு, ஆனால் ஆறு பெருகினால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள், தங்குமிடமும் குறைவு. முதன்முறை என்றால் சுண்ணாம்பு மேட்டின் வழியாகப் போகும் முதன்மைப் பாதையிலேயே இருங்கள். அது தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் நிலம். இந்தப் பக்கத்தில் டிசம்பர் முதல் மார்ச் வரை செவ்வாய் மதியங்களில் லால்பாங்க் ஊரில் கறுப்புக் காளான் சந்தை கூடும். பாதையிலிருந்து சில கிலோமீட்டர் விலகிப் போக வேண்டும். துரூஃப் என்ற அந்தக் காளானை வாங்க நமக்கு வசதி இல்லை என்றாலும் பெஞ்சு மேல் சின்னச் சின்னக் கூடைகளை வைத்து விற்பதைப் பார்க்கக் காசு வேண்டாம். கோடை யாத்திரிகர் யாருக்கும் இது கிடைக்காது.

முவாசாக்கில் தார்ன் ஆறு. 1930 மார்ச்சில் இந்த ஊரில் வெள்ளம் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. நடப்பவர்களுக்குச் சொல்ல வருவது இவ்வளவுதான்: ஆற்றோரத் தடத்தில் தண்ணீர் நின்றால் அதில் காலை விட்டு ஆழம் பார்க்காதீர்கள், சுற்றிப் போங்கள். முவாசாக்கிலிருந்து மேற்கே பல கிலோமீட்டருக்குக் கால்வாய்க் கரை இருக்கிறது. சமதளம், சேறு இல்லை, வழி தவற வாய்ப்பே இல்லை. 1100இல் கட்டி முடித்த மடத்து முற்றத்தைப் பார்த்துவிட்டு மதியம் கிளம்பினாலும் இருட்டுவதற்குள் ஒரு நல்ல தூரம் போய்விடலாம்.

அடுத்து ழேர் மாவட்டம். களிமண். உழுத வயல்களின் ஓரமாகப் போகும் தடத்தில் ஒவ்வோர் அடிக்கும் பூட்ஸில் ஒரு கிலோ மண் ஏறும். மணிக்கு மூன்றரை என்ற கணக்கு இங்கே இரண்டரையாகும். மூன்று நாள் மழைக்குப் பிறகு வந்தால் லெக்தூர், கொந்தோம், எயோஸ் வரை சிறு சாலைகளையே பிடித்துப் போவது புத்திசாலித்தனம். ஊராட்சிச் சாலைகளில் ஒரு மணி நேரத்துக்கு நாலு வண்டி வந்தால் அதிகம். விடுதிக்குள் போகும் முன் பூட்ஸைக் குழாயடியில் கழுவி வெளியே விட வேண்டும், உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தால் காலைக்குள் ஈரம் இழுத்துக்கொள்ளும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் அடித்தோல் பிரிந்துவிடும்.

மழை விட்ட மறுநாள் காலை லெக்தூர் மேட்டிலிருந்து தெற்கே பாருங்கள். கோடை மூட்டத்தில் தெரியாத பிரெனே மலைத்தொடர் பனியோடு முழுசாக நிற்கும். பிப்ரவரிக் கடைசியில் இந்த வானத்தில் நாரைக் கூட்டங்கள் வடக்கே திரும்பும். கண்ணில் படும் முன்பே காதில் விழும்.

சேன்-ழான்

நவரென்க்ஸ், ஒஸ்தாபா தாண்டி பாஸ்க் நாட்டின் பச்சைக் குன்றுகள் வழியே சேன்-ழானுக்குள் நுழைவீர்கள். சித்தாதெல் தெருவிலுள்ள யாத்திரிகர் அலுவலகம் குளிர்காலத்தில் குறைந்த நேரமே திறக்கும் என்பதால் அன்றைய படுக்கைக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம், வழக்கம்போல முன்பே அழைத்துவிடுங்கள்.

ஸ்பெயினுக்குள் தொடர நினைப்பவர்களுக்கு: மலைமேல் போகும் நெப்போலியன் வழி நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை தடை. வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தடை தடைதான். சாலையை ஒட்டி வால்கார்லோஸ் வழியாக ரொன்செஸ்வாயெஸுக்கு ஏற வேண்டும். அந்த வழியிலும் மேலே பனி இருக்கும், கடைசி ஏற்றம் நீளம், ஆகவே வால்கார்லோஸில் ஓர் இரவு தங்கி இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. இங்கேயே முடிப்பவர்களுக்குப் பயோன் வரை ரயில் இருக்கிறது, ஒரு மணி நேரப் பயணம். அங்கிருந்து பாரிஸுக்கு அதிவேக ரயில். சேன்-ழானிலிருந்து நாளுக்குச் சில வண்டிகள்தான் என்பதால், நிலையத்துக்குப் போகும் முன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.